கண்டிக்குப் படிக்க வந்திருக்கிறீர்களா? பஸ், ரயில், ஆட்டோ, நடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு வருடமும் புது பெட்ச் வந்தவுடன் அதே கேள்விகள்தான் வருகின்றன. அட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிற பிள்ளைகளும் கேட்கிறார்கள், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மன்னாரிலிருந்து வருகிறவர்களும் கேட்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வருகிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், ஆனால் கண்டி டவுனில் வேறு கோர்ஸ் படிக்க வந்தவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். வழி தெரியாத பயத்தில் முதல் சில மாதங்கள் அறைக்குள்ளேயே கிடக்கிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதவேண்டும் என்று தோன்றியது.

கண்டி பெரிய டவுன் என்கிறார்களே, தனியாகச் சுற்றினால் தொலைந்துவிடுவேனா?

தொலையமாட்டீர்கள். டவுனின் நடுப்பகுதி உண்மையில் சின்னது, ரயில் நிலையத்திலிருந்து வாவிக்கரைக்குக் கால்நடையாகவே போய்விடலாம். அந்த வாவியைக் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வெட்டினான். அதற்கும் சுற்றியுள்ள மலைகளுக்கும் நடுவில்தான் நகரம் அடங்கிக் கிடக்கிறது. வீதியை அகலமாக்க இடம் இல்லாததால் நாலாபக்கத்திலிருந்தும் வருகிற வாகனம் எல்லாம் ஒரு சில வீதிகளுக்குள்தான் நுழையவேண்டும். அதனால் கண்டியில் யாரும் தூரத்தைக் கேட்பதில்லை, இந்த நேரத்தில் போனால் எவ்வளவு நேரம் எடுக்கும் என்றுதான் கேட்பார்கள். டவுனிலிருந்து பேராதனை ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். வீதி வெறிச்சோடி இருந்தால் கால் மணித்தியாலத்தில் போய்விடலாம், பாடசாலை விடுகிற நேரத்தில் மாட்டிக்கொண்டால் ஒரு மணித்தியாலமும் ஆகும்.

எல்லா வீதியையும் பாடமாக்க வேண்டாம். மணிக்கூட்டுக் கோபுரம், குட்ஷெட், கெட்டம்பே, கலஹா சந்தி, கட்டுகஸ்தோட்டை என்ற ஐந்து இடங்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே நின்றாலும் இவற்றில் ஒன்றுக்கு எப்படிப் போவது என்று கேட்டால் போதும், அங்கிருந்து மற்ற எல்லா இடத்துக்கும் வழி உண்டு.

ஒரே டவுனில் ஏன் இத்தனை பஸ் ஸ்டாண்ட்? நான் எங்கே போய் நிற்பது?

புதிதாக வருகிறவர்களை அதிகம் குழப்புவது இதுதான். மேலோட்டமாகச் சொன்னால், தூர இடங்களுக்கான பஸ்கள் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள குட்ஷெட்டைச் சேர்ந்தவை, கிட்டிய இடங்களுக்கான பஸ்கள் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றி நிற்பவை. இதைத் தவிர டொரிங்டன் என்று இன்னொரு ஸ்டாண்டும் இருக்கிறது. பேராதனைப் பக்கம் போகவேண்டும் என்றால் முதலில் மணிக்கூட்டுக் கோபுரம் பக்கம் போய்க் கேளுங்கள்.

ஆனால் ஒன்று. குட்ஷெட் பக்கத்தில் பஸ்ஸையும் ரயிலையும் ஓரிடத்தில் சேர்க்கிற பெரிய முனையம் கட்டுகிற வேலை தொடங்கியதிலிருந்து பஸ்கள் நிற்கிற இடங்கள் இடம் மாறியிருக்கின்றன. இரண்டு வருடத்துக்கு முன் படித்த அண்ணன் சொன்ன இடத்தில் இன்றைக்கு பஸ் நிற்கும் என்று நம்பிப் பெட்டியோடு போய் நிற்காதீர்கள். போகிற அன்றைக்கு நேரக்கணிப்பாளரிடமோ, அங்கே கடை வைத்திருப்பவரிடமோ ஒருமுறை கேளுங்கள். கடைக்காரர்களுக்கு எந்த பஸ் எங்கே நிற்கிறது என்பது அத்துப்படி, அலுக்காமல் சொல்லுவார்கள்.

டவுனிலிருந்து கம்பஸுக்கு, அதாவது பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு, எந்த பஸ்?

பஸ் நம்பரைவிட போர்ட்டில் இருக்கிற ஊர்ப்பெயரைப் பாருங்கள். கலஹா, ஹிந்தகல பக்கம் போகிற பஸ் கலஹா வீதியால் கம்பஸுக்குள்ளேயே போகும், ஏறினால் உங்கள் ஹோல்ட்டிலேயே (பஸ் தரிப்பிடத்திலேயே) இறங்கலாம். கம்பளை, கடுகண்ணாவ, பிலிமத்தலாவ என்று போட்டிருக்கிற பஸ் பேராதனைத் தாவரவியல் பூங்காவைத் தாண்டிப் பெரிய வீதியாலேயே போய்விடும். அதில் ஏறினால் கலஹா சந்தியில் இறங்கி நடக்கவேண்டும், இல்லாவிட்டால் அங்கே நின்று இன்னொரு பஸ் பிடிக்கவேண்டும். மருத்துவ பீடத்துக்கும் பேராதனை ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்களுக்கு கலஹா சந்தியே போதும். கொழும்புக்குப் போகிற பஸ்ஸும் அதே வழிதான், ஆனால் தூரப் பயணிகளைத் தேடுகிற கொண்டக்டர் உங்களை ஏற்ற விரும்பமாட்டார்.

டவுனுக்கும் கெட்டம்பேக்கும் நடுவில் இரண்டு வீதி இருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று பழைய பேராதனை வீதி, மற்றது ரயில் பாதைப் பக்கமாகப் போகிற வில்லியம் கோபல்லவ மாவத்தை. இரண்டும் கெட்டம்பேயில் சேரும். நடுவில் எங்கேயாவது இறங்க வேண்டியவர்கள், உதாரணமாகக் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவர்கள், பஸ் எந்த வீதியால் போகிறது என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

போர்ட்டில் ‘நுவர’ என்று சிங்களத்தில் இருக்கிறது, அது நுவரெலியாவா?

இல்லை, கண்டி. மஹநுவர என்றாலும் நுவர என்றாலும் கண்டிதான். நுவரெலியாவுக்குப் போகிற பஸ்ஸில் முழுப்பெயரும் இருக்கும். சிங்களம் வாசிக்கத் தெரியாதவர்கள் முதல் வாரத்திலேயே கண்டி, பேராதனை, கலஹா, கம்பளை, அப்புறம் உங்கள் போர்டிங் (வாடகை அறை) இருக்கிற ஊர் என்று ஐந்தாறு பெயரைச் சிங்கள எழுத்தில் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள், போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டாலும் சரி. தமிழிலும் போர்ட் இருக்கவேண்டும் என்பது நம்முடைய உரிமை. பல பஸ்களில் அது சின்ன எழுத்தில் இருக்கிறது, சிலவற்றில் இல்லவே இல்லை, அது சரியாகும்வரைக்கும் நீங்கள் காலை லெக்சருக்குப் போய்த்தானே ஆகவேண்டும்.

எனக்குச் சிங்களம் வராது. பஸ்ஸில் வாய் திறக்கவே பயமாக இருக்கிறது.

இந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரியும், முக்கியமாக வடக்கு கிழக்கிலிருந்து முதன்முதலாக வருகிறவர்களுக்கு. ஆனால் கண்டியில் தமிழ் கேட்காத தெருவே கிடையாது. கொழும்பு வீதிக் கடைகளில், மார்க்கெட்டில், ஆட்டோக்காரர்களில் தமிழ் பேசுகிறவர்கள் தாராளமாக இருக்கிறார்கள், இந்த மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற மலையக மக்களும் முஸ்லிம் மக்களும் இருக்கிறார்களே. தமிழிலேயே கேட்டுப்பாருங்கள், விளங்கவில்லை என்றால் பக்கத்தில் நிற்கிற யாராவது மொழிபெயர்த்துச் சொல்லுவார்கள்.

அதோடு நாலு வசனம் பழகுங்கள், பஸ்ஸுக்கு அதுவே போதும். ‘மேக பேராதெனியட யனவாத?’ என்றால் இது பேராதனைக்குப் போகுமா. ‘கீயத?’ என்றால் எவ்வளவு. ‘மெதன பஹினவா’ என்றால் இங்கே இறங்குகிறேன், இதைச் சத்தமாகச் சொல்லவேண்டும், முணுமுணுத்தால் அடுத்த ஹோல்ட்டில்தான் இறங்குவீர்கள். ‘இதுரு சல்லி’ என்றால் மிச்சக்காசு. கொண்டக்டரை ‘அய்யே’ என்று கூப்பிடலாம், நாம் அண்ணே என்கிற மாதிரிதான். உச்சரிப்பு பிழைத்தால் யாராவது சிரிக்கலாம், சிரித்துவிட்டுப் போகட்டும். பேசிப் பழகியவர்கள் இரண்டாம் வருடத்தில் சரளமாகப் பேசுகிறார்கள், வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டவர்கள் கடைசி வருடம்வரை துணைக்கு ஆள் தேடுகிறார்கள்.

பஸ் காசு எவ்வளவு? சீசன் எடுக்கலாமா?

கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும், வழமையாக ஜூலையில் திருத்துவார்கள், ஆகவே இங்கே தொகை எழுதுவதில் பிரயோசனம் இல்லை. ஏறியவுடன் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு, அந்தக் காசைக் கையில் தயாராக வைத்திருங்கள். காலையில் ஆயிரம் ரூபாய் நோட்டை நீட்டினால் மிச்சம் அப்புறம் தருகிறேன் என்பார்கள், சனக்கூட்டத்தில் இரண்டு பேரும் மறந்துவிடுவீர்கள். டிக்கட்டைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதை இறங்கும்வரை எறியவேண்டாம், மிச்சக்காசு கேட்பதற்கும் முறைப்பாடு செய்வதற்கும் அதுதான் ஆதாரம்.

தினமும் போய்வருகிறவர்கள் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) சீசனுக்கு, அதாவது மாதாந்தப் பயணச்சீட்டுக்கு, விண்ணப்பியுங்கள், மாணவர்களுக்குச் சலுகை உண்டு. உங்கள் நிறுவனத்தின் உறுதிப்படுத்தல் தேவைப்படும், ஆகவே பதிவு முடிந்த கையோடு அந்தக் கடிதத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள். அந்தச் சீசன் சிவப்பு இ.போ.ச. பஸ்ஸுக்குத்தான், தனியார் பஸ்ஸில் காட்டிப் பயனில்லை. ரயிலுக்குத் தனிச் சீசன். எது லாபம் என்பது உங்கள் ஹோல்ட்டில் எந்த பஸ் அடிக்கடி வருகிறது என்பதைப் பொறுத்தது, ஒரு வாரம் கவனித்துவிட்டு எடுங்கள்.

முன் ஆசனங்களில் மதகுருமாருக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஒதுக்கியவை இருக்கும், அவற்றில் உட்காரவேண்டாம்.

ரயில் பிரயோசனப்படுமா?

நிச்சயமாக. கம்பஸுக்கே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது, சரசவி உயன என்று பெயர், கண்டிக்கும் பேராதனைச் சந்திக்கும் நடுவில். மாத்தளைப் பக்கத்திலிருந்தும் கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கத்திலிருந்தும் வருகிறவர்களுக்கு ரயில் நேரம் ஒத்துவந்தால் அதைவிட மலிவான வழி கிடையாது. வீதியில் வாகனம் அசையாமல் நிற்கிற நேரத்தில் ரயில் அதன்பாட்டில் போய்க்கொண்டிருக்கும். ஆனால் பஸ் மாதிரி அடிக்கடி வராது, எல்லா ரயிலும் எல்லா நிலையத்திலும் நிற்காது. நேரசூசியை நிலையத்திலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அட்டன், நானுஓயா, பண்டாரவளை, பதுளைப் பக்கத்துப் பிள்ளைகள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பதுளைக்கும் கொழும்புக்கும் நடுவில் ஓடுகிற எல்லா ரயிலும் கண்டி நிலையத்துக்குள் வருவதில்லை. வழமையாக உடரட்ட மெனிக்கே என்ற ரயில் கண்டிக்கு வராமல் பேராதனைச் சந்தியோடு திரும்பிவிடும், பொடி மெனிக்கே என்ற ரயில் கண்டிக்கு வந்து போகும். டிக்கட் எடுக்கும்போதே இது கண்டிக்குப் போகுமா, சந்தியில் இறங்கவேண்டுமா என்று கேளுங்கள். சந்தியில் இறங்கினால் கவலை இல்லை, வெளியே வந்து பஸ் எடுக்கலாம், பொறியியல் பீடத்துக்கு வருகிறவர்களுக்கு அதுதான் கிட்டவும் கூட.

இந்தப் பாதை கண்டிக்கு வந்தது 1867இல், மலையில் விளைந்த கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக. பதுளைவரை போய்ச்சேர்ந்தது 1924இல். தோட்டத்துச் சனங்களின் உழைப்பை ஏற்றிக்கொண்டுபோன அதே பாதையால் இன்றைக்கு அவர்களுடைய பிள்ளைகள் படிக்க வருகிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மனம் நிறைகிறது. அதைச் சொல்லாமல் போக முடியவில்லை.

வடக்கு, கிழக்கிலிருந்து வருகிற நாங்கள்?

நேரடி பஸ்தான் இலகு. யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ-9 வீதி கண்டியிலிருந்துதான் தொடங்குகிறது, மாத்தளை, தம்புள்ளை, வவுனியா வழியாகப் போகும். ரயிலில் வர ஆசை என்றால் பொல்காவலையில் இறங்கி கண்டி ரயிலுக்கு மாறவேண்டும், இரவில் பெட்டிகளோடு அந்த மாற்றம் சிரமம். முதல் தடவை வரும்போது பகலில் வந்து சேருகிற மாதிரிப் புறப்படுங்கள். இருட்டில் புது ஊரில் இறங்கி ஆட்டோவோடு பேரம் பேசுவதைத் தவிர்த்துவிடலாம்.

கம்பஸுக்குள்ளே எப்படிப் போவது?

நடந்துதான். 1952இல் கொழும்பிலிருந்து இங்கே வந்த பல்கலைக்கழகம் இது. ஹந்தானை மலையடிவாரத்தில் மகாவலியின் இரண்டு பக்கமும் பரந்து கிடக்கிறது, ஆகவே நல்ல செருப்பும் குடையும் வாங்குவது முதல் செலவாக இருக்கட்டும். பொறியியல் பீடம் ஆற்றுக்கு மறுகரையில், அக்பர் பாலத்தால் நடந்து கடக்கலாம். கலைப் பீடத்திலிருந்து விடுதிக்கு, விடுதியிலிருந்து நூலகத்துக்கு என்று குறுக்குப் படிகளும் ஒற்றையடிப் பாதைகளும் நிறைய உண்டு, சீனியர்களோடு ஒருமுறை நடந்தால் தெரிந்துவிடும், ஆனால் மழையிலும் இருட்டிலும் பெரிய வீதியையே பிடியுங்கள். குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கு மேடேறிப் போகவேண்டும், வெள்ளிக்கிழமைகளில் யாராவது கூட்டமாகப் போவார்கள், சேர்ந்துகொள்ளுங்கள். புது இடத்தில் நம் சனங்களைப் பார்த்துப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை.

போன் மேப்பை நம்பலாமா?

இடம் எங்கே இருக்கிறது என்று பார்க்க நம்பலாம். எவ்வளவு நேரத்தில் நடக்கலாம் என்பதற்கு நம்பவேண்டாம். மேப்பில் இரண்டு விரல் அகலம் தெரிகிற இடம் நேரில் செங்குத்தான ஏற்றமாக இருக்கும்.

எந்த நேரத்தில் டவுனுக்குப் போகக்கூடாது?

காலை ஆறரையிலிருந்து எட்டுவரை, பிறகு பாடசாலை விடுகிற ஒன்றரையைச் சுற்றி, அப்புறம் மாலையில் ஒபிஸ் விடுகிற நேரம். கண்டியில் பெரிய பாடசாலைகள் டவுனுக்குள்ளும் பேராதனை வீதியிலுமாக நெருங்கி இருக்கின்றன, ஒவ்வொன்றின் வாசலிலும் வேன்கள் வரிசை கட்டும். வங்கி, போன் கடை, புத்தகம் வாங்குவது மாதிரி வேலைகளைப் பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சையோ நேர்முகமோ இருக்கிற நாளில் ஒரு மணித்தியாலம் முந்தியே புறப்படுங்கள். கண்டியில் டிராபிக் என்று காரணம் சொன்னால் எல்லாரும் நம்புவார்கள், ஆனால் பரீட்சை மண்டபக் கதவு அதற்காகத் திறக்காது.

ஜூலை அல்லது ஆகஸ்டில் வருகிற எசல பெரஹரா, அதாவது தலதா மாளிகை ஊர்வல நாட்கள் தனிக்கதை. முதலில் ‘கும்பல்’ பெரஹரா ஐந்து இரவு, பிறகு ‘ரந்தோலி’ பெரஹரா ஐந்து இரவு. பின்னேரத்திலிருந்து டவுன் வீதிகளை மூடுவார்கள், பஸ்கள் வழக்கமான இடத்துக்கு வராது. பார்க்க ஆசை என்றால் கட்டாயம் பாருங்கள், அதற்கு மத்தியானமே போய் இடம் பிடிக்கவேண்டும், திரும்பிவரத் துணையும் வழியும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கவேண்டும்.

ஆட்டோவில் ஏமாற்றுவார்களா?

பெரும்பாலானவர்கள் நேர்மையானவர்கள். ஆனாலும் பெட்டியோடு முழித்துக்கொண்டு நிற்கிறவரிடம் கூடக் கேட்கிறவர்களும் உண்டு. போனில் வாகனம் கூப்பிடுகிற பிக்மீ, ஊபர் ஆப் இரண்டும் கண்டியில் இருக்கின்றன. ஏறாவிட்டாலும் பரவாயில்லை, அதில் தொகையைப் பார்த்துவிட்டுத் தெருவில் நிற்கிற ஆட்டோவிடம் பேசினால் நியாயமான விலை எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மீட்டர் இல்லாத ஆட்டோவில் தொகையைப் பேசி முடித்துவிட்டுத்தான் ஏறவேண்டும், இறங்கியபிறகு பேசினால் சண்டைதான் மிஞ்சும். மூன்று பேர் சேர்ந்தால் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போகும், முக்கியமாக இரவில் சேர்ந்தே எடுங்கள்.

பஸ்ஸில் யாராவது தொந்தரவு செய்தால்?

தங்கச்சிமாரே, இதை நன்றாகக் கேளுங்கள். நெரிசலைச் சாக்காக வைத்து உரசுகிறவர்கள் இருக்கிறார்கள். பொறுத்துக்கொண்டு இறங்கிப்போவதுதான் நாகரிகம் என்று வீட்டில் சொல்லித் தந்திருக்கலாம், அப்படிப் பொறுக்கவேண்டியதில்லை. தள்ளி நில்லுங்கள் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள். எந்த மொழியில் சொன்னாலும் விளங்கும். பக்கத்தில் இருக்கிற பெண்களைப் பாருங்கள், அநேகமாக யாராவது ஒரு அம்மா உங்களுக்காக எழும்பிப் பேசுவார். கொண்டக்டரிடம் சொல்லுங்கள், பஸ் நம்பரைக் குறியுங்கள். பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். பொலிஸுக்கு 119, பெண்களுக்கான உதவி எண் 1938. மாகாணம் விட்டு மாகாணம் போகிற பஸ் பற்றிய முறைப்பாட்டுக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955. யாருக்காவது சுகமில்லாமல் போனால் 1990, அந்த அம்புலன்ஸ் இலவசம். நாலு எண்ணையும் இப்போதே போனில் போட்டுக்கொள்ளுங்கள்.

தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. உங்களோடு வருகிற பிள்ளைக்கு இப்படி நடக்கும்போது ஜன்னலுக்கு வெளியே பார்க்காதீர்கள்.

போர்டிங் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

வாடகையைக் கேட்பதற்கு முன் ஹோல்ட்டிலிருந்து வீட்டுக்கு நடந்து பாருங்கள், முடிந்தால் மாலை ஆறரைக்குப் பிறகு. மலையில் வாடகை குறைந்த வீடு பெரும்பாலும் ஏற்றத்தின் உச்சியில்தான் இருக்கும். அந்தப் பாதையில் விளக்கு இருக்கிறதா, நாய்கள் எப்படி, மழையில் வழுக்குமா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, இதெல்லாம் மாதாமாதம் நீங்கள் கொடுக்கப்போகிற விலைதான். இரண்டாயிரம் மிச்சம் பிடிக்கப் போய்ப் பஸ் இல்லாத நாட்களில் ஆட்டோவுக்கு அதைவிடக் கூடக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பெனிதெனிய, ஹிந்தகல, கெட்டம்பே, கன்னொருவை என்று மாணவர்கள் தங்குகிற இடங்கள் பல. உங்கள் பீடம் ஆற்றுக்கு எந்தப் பக்கம் என்பதைப் பார்த்து முடிவெடுங்கள்.

மழை, மண்சரிவு நேரத்தில் ஊருக்குப் போகலாமா?

தென்மேல் பருவமழையில் அட்டன், நாவலப்பிட்டிப் பக்கம் கொட்டும். ஒக்டோபர், நவம்பரில் கண்டியிலும் பின்னேர இடிமழை சாதாரணம். 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயல் மலையக வீதிகளையும் ரயில் பாதையையும் பல இடங்களில் உடைத்துப்போட்டதை யாரும் மறந்திருக்கமாட்டோம். அனர்த்த முகாமைத்துவ நிலையமோ கட்டட ஆராய்ச்சி நிறுவனமோ மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். தீபாவளிக்கு வீட்டுக்குப் போகவேண்டும் என்ற ஏக்கம் எவ்வளவு பெரியது என்று தெரியும், அம்மாவும் வாசலில் காத்திருப்பார், இருந்தாலும் ரம்பொடைப் பக்கமோ கினிகத்தேனைப் பக்கமோ வீதி மூடியிருக்கிறதா என்று அந்தப் பக்கத்து ஆட்களிடம் போனில் கேட்காமல் ஏறவேண்டாம்.

சாதாரண நாட்களில், நீண்ட விடுமுறைக்கு முதல்நாள் மாலையில் ஊர் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. லெக்சர் இல்லாவிட்டால் அன்று காலையிலேயே போய்விடுங்கள், இல்லாவிட்டால் ஒரு இரவு பொறுத்து மறுநாள் முதல் பஸ். இடையில் ஏறினால் அட்டன்வரை நின்றுகொண்டே போகவேண்டிவரும், ஆகவே பேராதனையில் நின்று மறிக்காமல் டவுனுக்கே போய்த் தொடக்கத்தில் ஏறிக்கொள்ளுங்கள்.